மஞ்சள் விளக்கும் வேலனின் கழங்கும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில், மலைக்கோயில் கண்ணில் படத் தொடங்கும் இடத்தில், என் காரில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முறையாக எரிந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. வண்டிக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து இருக்கையில் அம்மா இருந்தாள். விளக்கை அவளும் பார்த்தாள்.

"நான் போன மாசமே சொன்னேன். நிக்கும்போது நடுங்குதுன்னு."

சொன்னாள்தான். பெட்ரோல் பங்க்கில் நின்றபோது ஒருமுறை, ரயில்வே கேட்டில் நின்றபோது ஒருமுறை. தையல் மிஷினில் பெல்ட் தளர்ந்தால் மேசை இப்படித்தான் அதிரும் என்றுகூடச் சொன்னாள். "பழைய வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று நான் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். வண்டி ஓடும்போது நன்றாக இருக்கிறது, சிக்னலில் நிற்கும்போது மட்டும் நடுங்குகிறது, ஏசி போட்டால் அதிகமாகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது என்றேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். "நல்லாதானே ஓடுது மேடம்." ஓடும்போது நன்றாக இருக்கிறது என்றுதானே நானும் சொன்னேன்! பிறகு கேட்டார்: "வண்டிய சார் ஓட்டுவாரா? சாரை ஒரு தடவை வரச் சொல்றீங்களா?" சார் யாரும் ஓட்டுவதில்லை, பன்னிரண்டு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்கேனரைச் செருகி ஏதோ அழுத்தினார். விளக்கு அணைந்தது. "சரியாயிடுச்சு மேடம்."

நான்காம் நாள் மறுபடி எரிந்தது. இம்முறை ஸ்கேனர் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். புதிதாக மாட்டினார்கள். ஐயாயிரத்துச் சொச்சம். ஒரு வாரத்தில் விளக்கு மீண்டும் வந்தது. அடுத்துப் புகைக்குழாயில் இருக்கும் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டியிருக்கும், நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். நடுக்கம் எப்போது வருகிறது என்று மூன்று முறையும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், சாளுவன்குப்பம் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது என்று உடன் பணிபுரியும் தோழி சொன்னாள். அறுபது வயதிருக்கும் ஒருவர் நடத்துகிறார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன் கேட்ட முதல் கேள்வி, "என்னாம்மா பண்ணுது?" இரண்டாவது, "எப்பப் பண்ணுது? காலைல ஸ்டார்ட் பண்ணதுமா, சூடானப்புறமா? நிக்கும்போதா, போகும்போதா?" நான் பாதி சொன்னேன், மீதியை அம்மா சொன்னாள். பெல்ட் தளர்ந்த மிஷின் கதையையும் சேர்த்துத்தான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பிறகு அவரும் ஸ்கேனரைத்தான் செருகினார். ஆனால் எதையும் அழிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பி0171 என்ற எண். எஞ்சினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். "இது என்ன புகார்னு சொல்லுதும்மா. யார் மேல தப்புன்னு சொல்லல" என்றார். ஒரு தமிழாசிரியைக்கு இதைவிடச் சுருக்கமாகக் குறியையும் பொருளையும் பிரித்துக் காட்ட முடியாது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எஞ்சினுக்குள் நுழையும் காற்றை ஒரு கருவி அளக்கிறது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலை அனுப்புகிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை இன்னொரு சென்சார் பார்த்து, கலவை சரியா என்று திரும்பத் தகவல் சொல்கிறது. காற்றை அளந்த இடத்துக்குப் பின்னால் ஏதாவது ரப்பர் குழாயில் விரிசல் விட்டால், அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகும். ஆக்சிஜன் சென்சார் உடனே காற்று அதிகம் என்று சொல்லும். கணினி அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விடும். விரிசல் பெரிதாகப் பெரிதாக இன்னும் கூடுதலாக விடும். இந்தச் சரிக்கட்டல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். முகப்பில் ஒன்றும் தெரியாது. இனிமேல் சரிக்கட்ட முடியாது என்ற எல்லையைத் தொட்ட பிறகுதான் விளக்கு எரியும். நின்றிருக்கும்போது எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகி வண்டி நடுங்குகிறது. வேகமாகப் போகும்போது அது பெரிய அளவில் கரைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் ஐயாயிரம் ரூபாய்க்கு நாங்கள் கழற்றி எறிந்தது எதை? உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே உறுப்பை. காற்று அதிகம் என்று அது சொன்னது உண்மை. சொன்னதற்காக அதையே கழற்றிப் போட்டோம். புதிதாக வந்ததும் அதே உண்மையைத்தான் சொன்னது.

முதல் ஒர்க்‌ஷாப் செய்த இன்னொரு காரியமும் அப்போதுதான் புரிந்தது. விளக்கு எரியும் கணத்தில் வேகம், சூடு, எஞ்சினின் சுமை எல்லாவற்றையும் கணினி ஒரு புகைப்படம்போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணை அழிக்கும்போது அதுவும் சேர்ந்து அழிகிறது. விளக்கை அணைத்தவர் சாட்சியத்தையும் அழித்துவிட்டார்.

குழாயைத் தேட அரைமணி ஆகும் என்றார் பெரியவர். அம்மா பட்டறை நிழலிலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் கடற்கரைப் பக்கம் நடந்தேன்.

சாளுவன்குப்பத்தில் ஒரு முருகன் கோயில் மணலுக்குள்ளிருந்து வெளியே வந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 2004 டிசம்பர் சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு 2005இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தார்கள். அகழாய்வுக்குத் தலைமை தாங்கியவர் சத்யபாமா பத்ரிநாத் என்ற பெண். மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதன் அடியில் சங்க காலத்தைச் சேர்ந்தது என்று கருதப்படும் செங்கல் கோயில். வடக்குப் பார்த்த வாசல், கல்லால் ஆன வேல், பெண்கள் கைகோத்துக் குரவை ஆடும் சுடுமண் பலகை. அந்த வேலின் எதிரில் நின்றபோது எனக்கு வேலன் நினைவு வராமல் இருக்குமா?

அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. தலைவியின் உடல் மெலிகிறது. வளை கழல்கிறது. நிறம் மாறிப் பசலை படர்கிறது. தாய் கவலைப்படுகிறாள். முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சியை அழைக்கிறாள். முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கை உருட்டிப் பார்த்து, இது முருகன் தந்த நோய் என்கிறான். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, விடிய விடிய ஆடுகிறான். நோய்க்குக் காரணம் மலைநாட்டு இளைஞன் ஒருவன்மேல் அவள் கொண்ட காதல். அது அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். அவளை மட்டும் யாரும் கேட்பதில்லை. வெறியாட்டைப் பாடியதாலேயே பெயர் பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவர் இருக்கிறார். அவருடைய அகநானூற்றுப் பாட்டொன்றில், வெறியாட்டு நடந்த இரவிலேயே காதலன் ஒளிந்து வந்து சேர, நோய் தீர்ந்த தலைவி வேலனை நினைத்துச் சிரிக்கிறாள்.

வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகளும் சிரிப்பார்கள். நானும் பல ஆண்டுகள் சிரித்திருக்கிறேன். சாளுவன்குப்பத்தில் சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டுக்குட்டியும் என் ஆக்சிஜன் சென்சாரும் ஒன்றுதான் என்று தோன்றியது. அதைவிடப் பழைய ஒன்றும் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. முனைவர்ப் பட்ட ஆய்வு. தலைப்பு, சங்க அகப்பாடல்களில் மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது உடலில் எப்படி வெளிப்படுகிறது என்று தொல்காப்பியத்தையும் உரைகளையும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். பசலை என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் அட்டைகளில் குறித்து அடுக்கியிருந்தேன். அடுத்த அறையில் அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாள். நாற்பத்தேழு வயது. மிஷினை மிதித்தால் மூச்சு வாங்குது என்பாள். படி ஏறினால் கண் இருட்டுது என்பாள். மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டுகொண்டிருந்தது. "நிக்கப் போற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் அத்தைகள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்பாள். "அரிசி தின்னா கல்யாணத்துல மழை வரும்னு என்னைத் திட்டுவியே, உனக்கு இன்னொரு கல்யாணமா?" என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

மருத்துவரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் அப்பாவிடம் பேசினார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தூக்கம் எப்படி என்று அவரிடம் கேட்டார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா கொஞ்ச நாள் தூங்கினாள். புகார் குறைந்தது. விளக்கு அணைந்தது.

மூன்று மாதம் கழித்துத் துணி உலர்த்தும்போது மாடியில் விழுந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 5.6. பெண்களுக்குப் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. கருப்பையில் கட்டிகள், மாதாமாதம் இழந்த ரத்தம். ரத்தம் ஏற்றி, அறுவை செய்து, பிழைத்தாள். இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி நடமாடினார் என்று நான் கேட்டதற்கு அங்கிருந்த பெண் மருத்துவர் சொன்ன பதில் மறக்கவில்லை. மெதுவாகக் குறைந்தால் உடம்பு சரிக்கட்டிக்கொள்ளும், இதயம் வேகமாக அடித்து இருக்கிற ரத்தத்தை வைத்து ஒப்பேற்றும், முடியாதபோதுதான் விழுவார்கள் என்றார். வெறும் அரிசியையும் சாம்பலையும் தின்னும் ஆசைகூட இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்றும் அவர்தான் சொன்னார்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தலைவியின் பசலையை அட்டை அட்டையாக அடுக்கியவளுக்கு, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த தாயின் வெளுத்த உள்ளங்கை கண்ணில் படவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமா? 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சரிக்கட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள். நாம் அதற்குப் பொறுமை என்றும் குடும்பப் பாங்கு என்றும் பெயர் வைத்திருக்கிறோம். ஒருத்தி முதன்முறையாகக் குரல் உயர்த்தும்போது "திடீர்னு என்ன ஆச்சு இவளுக்கு?" என்கிறோம். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிவது கோளாறின் தொடக்கம் அன்று. சரிக்கட்டலின் முடிவு.

ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைத்து எடைபோடுவதும் ஓர் அநீதிதான் என்று மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கில மெய்யியலாளர் 2007இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அறிபவர் என்ற தகுதியிலேயே ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்கு அது. நூல் வருவதற்கு முன்பே "சாரை வரச் சொல்லுங்க" என்ற வாக்கியம் நமக்குத் தெரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் பேச்சுக்கு முன் தெரியாதவர் பேச்சை எதற்காக மதிக்க வேண்டும்? அம்மாவும்தான் தன் களைப்புக்கு உடம்புச் சூடு காரணம் என்று நம்பி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். அவள் சொன்னதை அப்படியே நம்பியிருந்தால் வெந்தயத்தோடு நின்றிருப்போம்.

உண்மைதான். ஆனால் இரண்டு செய்திகள் இங்கே கலந்து கிடக்கின்றன. என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது என்பது ஒன்று. ஏன் நடக்கிறது என்பது வேறு. ஏன் என்பதற்கு மருத்துவர் வேண்டும், மெக்கானிக் வேண்டும். என்ன, எப்போது என்பதற்கு அந்த உடம்பில் வாழ்பவளும் அந்த வண்டியை ஓட்டுபவளும்தான் அதிகாரம் உள்ளவர்கள். நம்புவது என்றால் அவள் சொல்லும் காரணத்தை ஒப்புக்கொள்வது என்று பொருளல்ல. அவள் சொல்லும் நிகழ்வைச் சான்றாக எடுத்துக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்குவது. பட்டறைப் பெரியவர் அம்மாவின் பெல்ட் கதையை ஏற்கவில்லை. ஆனால் நிற்கும்போது நடுங்குகிறது என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டார். அதுதான் குழாயைக் காட்டிக்கொடுத்தது.

வேலனைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அவன் ஏமாற்றுக்காரன் என்று பாட்டு சொல்லவில்லை. அவன் கையில் கொடுத்தது கழங்கு மட்டும். முதல் ஒர்க்‌ஷாப் இளைஞரும் அப்படித்தான். ஆங்கில எண்ணைக் காட்டும் ஒரு கருவி, பொருளை மாற்றினால் கிடைக்கும் வரும்படி, வரிசையில் நிற்கும் அடுத்த வண்டி. கேட்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி தருபவர் யாரும் இல்லை. தூக்க மாத்திரை எழுதிய மருத்துவருக்கு வெளியே அன்று எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது. இதனால் தவறு தவறில்லாமல் போய்விடாது. ஆனால் கெட்டவர்கள் இல்லாமலே இந்த அநீதி நடந்துவிடும் என்பதைப் புரிந்துகொண்டால்தான், அதில் என் பங்கு என்ன என்று என்னால் கேட்க முடியும்.

தலைவி ஏன் தானே சொல்லவில்லை என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். சொன்னால் வீட்டுக்காவல், ஊர் வாயில் அலர். பேச்சுக்கு விலை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் உடம்பு பேசத் தொடங்குகிறது. அந்த இடத்தில் தோழி வருகிறாள். குறுந்தொகையின் 23ஆம் பாடலில், ஔவையார் பாடியது, குறி சொல்ல வந்தவள் மலைகளைப் பாடிக்கொண்டு வரும்போது, ஒரு குறிப்பிட்ட மலையைப் பற்றிய பாட்டை மட்டும் தோழி மறுபடி பாடச் சொல்கிறாள். அந்த மலைக்காரன்தான் காரணம் என்று தாய்க்குப் புரிந்துவிடும். இலக்கணம் இதை அறத்தொடு நிற்றல் என்கிறது. மறைத்த உண்மையைச் சொல்வதை நம் மரபு அறத்தின் பக்கம் நிற்பதாகப் பெயரிட்டிருக்கிறது. ஒருத்தியால் சொல்ல முடியாததை, அவளைக் காட்டிக்கொடுக்காமல், கேட்க வேண்டியவர் காதில் விழச் செய்வது. அம்மாவுக்கு அன்று ஒரு தோழி இல்லை. தோழியைப் பற்றி ஆய்வு செய்யும் மகள்தான் இருந்தாள்.

நான் பட்டறைக்குத் திரும்பியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒவ்வொரு குழாய் மேலும் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் எஞ்சினின் சத்தம் மாறியது. உள்ளே திரும்பியிருந்த ஒரு வளைவில், ரப்பர் இறுகி, விரல் நகம் அளவுக்கு வெடித்திருந்தது. பத்து வருட வெயிலும் எஞ்சின் சூடும் செய்த வேலை. குழாயின் விலை 240 ரூபாய். அவர் கேட்ட கூலியையும் சேர்த்து எழுநூறு.

வண்டி வைத்திருக்கும் தோழிகளுக்கும் மாணவிகளுக்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால் பதற வேண்டாம். மெதுவாக ஓட்டிச் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய்க்குள் போய்க் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சிவப்பு ஆயில் விளக்கோ சூடு விளக்கோ வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். ஸ்கேனரில் வரும் எண்ணை அழிக்கும் முன் எழுதி வாங்குங்கள். கழற்றும் பொருளைத் திருப்பிக் கேளுங்கள். எப்போது, எந்த நிலையில் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் போகும்போதும் அப்படியே.

இன்னொன்றையும் பெரியவர் சொன்னார். இந்த விளக்கு முதலில் வண்டிக்காரருக்காக வந்ததில்லை, காற்றுக்காக வந்தது. கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்களிலிருந்து வளர்ந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரே முறையாகக் கட்டாயமானது. பிறகு இங்கும் வந்தது. வண்டி கக்கும் புகை அளவை மீறக்கூடும் என்று, பின்னால் வருபவரின் மூச்சுக்காக எரியும் விளக்கு அது. ஒருத்தியின் புகாரும் அவளுக்கு மட்டும் உரியது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவில் நெரிசல். வண்டி நின்றது. நடுங்கவில்லை. முகப்பும் இருட்டாக இருந்தது. அம்மா கதவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்குடி. ஆனா எனக்கு ரெண்டு நாளா இடது முட்டிதான் ஒரு மாதிரி இருக்கு."

வயசாகுதும்மா என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டு கேட்டேன்.

"எப்பம்மா? நடக்கும்போதா, உக்காந்து எழுந்திருக்கும்போதா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். செங்கல்பட்டு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். முட்டியைப் பற்றி மட்டும் இல்லை.